பர்மாவில் கிணறு வெட்டியவரின் மகள்

கோபத்தோடு கடிதம் எழுதக் கூடாது, ஒரு நாளாவது ஆறப்போட்டு எழுத வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் பெண்களுக்குச் சொல்லித் தருகிறவள் நான். நான்கு நாள் ஆறப்போட்டேன். ஆறவில்லை. அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன், நீயும் அப்படியே வாசித்துக்கொள். நீ கோயமுத்தூரிலிருந்து அனுப்பிய நம் குடும்ப வரலாறு வந்து சேர்ந்தது. ஐப்பசியில் உன் கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்கு வெற்றிலை பாக்கோடு கொடுக்க அச்சடிக்கப் போகிறாய் என்று எழுதியிருந்தாய். பெண் வீட்டார் திருச்செங்கோட்டுப் பக்கம் பெயர் சொன்னால் தெரிகிற குடும்பம், அவர்களுக்கு முன்னால் நாமும் ஒன்றைக் காட்ட வேண்டும் என்று உனக்கு ஆசை. அது எனக்குப் புரிகிறது. உன் அப்பாவுக்கு மட்டும் மூன்று பக்கம் கொடுத்திருக்கிறாய். "தனி ஒருவராகக் கடல் கடந்து, தனி ஒருவராகக் காட்டைத் திருத்தி, பர்மா மண்ணில் பொன் விளைவித்தவர்." கடைசி வரியில், "அவருடைய ஒரே வாரிசாகிய நான்." பிழை இருந்தால் திருத்தி அனுப்புங்கள் அம்மா என்று ஓரத்தில் குறித்திருந்தாய். சிவப்பு மையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. நான் சொல்லிக்கொடுத்த பிள்ளை, எப்படி இருக்கும்?

உனக்கு ஒரு தங்கை இருக்கிறாள். பெயர் காவேரி. உன் அப்பாவுக்குப் பர்மாவில் பிறந்தவள், இப்போது ஜேடர்பாளையத்தில் நெல் நடுகிறாள். இது உனக்குத் தெரியாத சேதி இல்லை. போன தைப் பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது உன்னை எதிரே உட்காரவைத்து நானே சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "போனது போகட்டும் விடுங்கம்மா. நிலத்துல பங்கு கேட்டு அவ வந்தா அப்பப் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கரும்பு கடிக்கப் போனாய். அப்போதே உன்னை அறைந்திருக்க வேண்டும். அதிர்ச்சியில் ஏதோ சொல்கிறான், யோசிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நீ யோசித்துத்தான் இருக்கிறாய். யோசித்து, தெரிந்தே, "ஒரே வாரிசு" என்று எழுதியிருக்கிறாய். இந்தக் கடிதத்தை மூன்று படி எடுத்திருக்கிறேன். ஒன்று உனக்கு, ஒன்று உன் பெரியப்பாவுக்கு, ஒன்று உன் கல்யாணச் சீர்களை நடத்தப்போகிற அருமைக்காரருக்கு. அம்மா வீட்டு விஷயத்தைச் சந்தியில் வைத்துவிட்டாள் என்று நீ சொல்வாய். ஆமாம், வைத்துவிட்டேன். பொய்யை நாலு பேர் முன்னால்தான் சொன்னேன். உண்மையை மட்டும் உன் காதோடு சொல்லி முடித்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை.

உன் அப்பா போன கதையிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் நீயும் அங்கேதான் தொடங்கியிருக்கிறாய். "மனைவியையும் மூன்று வயது மகனையும் ஊரில் விட்டுவிட்டு, குடும்பத்துக்காகத் தன்னைத் தியாகம் செய்து" என்று எழுதியிருக்கிறாய். அவர் விடவில்லை. நான் போகவில்லை. நம் காடு மேட்டுக்காடு என்பது உனக்குத் தெரியும். சோளம், கம்பு, கடலை. அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவாக ஒரே கிணறு. மாடு கட்டி இறைக்க ஆளுக்கு ஒரு நாள் முறை. மழை பொய்த்த வருஷங்களில் உன் பெரியப்பா தன் முறைக்கு விடிவதற்கு முன்பே ஏற்றம் பூட்டி, இருக்கிற ஊற்றை வடித்துவிடுவார். அடுத்த நாள் உன் அப்பா மாட்டை ஓட்டிக்கொண்டு போனால் இறைக்கிற சால் கிணற்றுத் தரையில் இடிக்கும். அவர் சண்டை போடத் தெரியாத மனுஷர். திரும்பி வந்து மாட்டைக் கட்டிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார். அப்போதுதான் ராசிபுரம் சந்தையில், பர்மாவிலிருந்து வந்திருந்த ஒரு ஆள் அவரிடம் சொல்லியிருக்கிறான்: "அங்கெல்லாம் தண்ணிக்கு மொறை கெடையாதுங்க. போதும், போதும்னாலும் வயலை உட்டுப் போகாதுங்க." அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை. "போலாமா?" என்று என்னைக் கேட்டார். என்னைக் கேட்டார் என்பதை நன்றாகக் கவனி. காலேஜ் படித்த பெண்ணைக் கட்ட அந்தக் காலத்தில் நம் பக்கத்தில் யாரும் முன்வரவில்லை. என் தகப்பனார் அலைந்து ஓய்ந்தபோது, "படிச்சவதானே, கடிச்சாத் திம்பா?" என்று சிரித்துக்கொண்டே சம்மதித்த ஒரே ஆள் அவர். அந்த மனுஷரிடம் நான் சொன்ன பதில் இது: "மதராஸ்ல படிச்சுட்டு மேட்டுக்காட்டுக்கு வந்ததே போதும். இனிச் சேத்துக்கு வேற வரணுமா?" "செரி. வருசம் ஒண்ணு பாத்துட்டு வாரேன்" என்று கிளம்பினார்.

மாதம் ஒரு கடிதம் வந்தது. பெரிய பெரிய எழுத்து, பாதி வார்த்தைகளில் புள்ளி இருக்காது. நான் பிழை திருத்தித் திருப்பி அனுப்புவேன், வேடிக்கையாக. மூன்றாம் வருஷம், அங்கிருந்து வந்த ஒருவர் மூலம் அவர் ஒரு பர்மாக்காரப் பெண்ணோடு குடித்தனம் இருக்கிறார் என்று தெரிந்தது. அதற்கப்புறம் வந்த கடிதங்களைப் பிரிக்காமல் அடுப்பில் போட்டேன். எத்தனை என்று எண்ணவில்லை. அதில் ஏதோ ஒன்றில் ஒரு பெண் பிறந்த சேதி இருந்திருக்கும். அவருக்காக வாதாட நான் இதை எழுதவில்லை, தெரிந்துகொள். அவர் செய்தது தப்பு. கூப்பிட்டும் நான் வரவில்லை என்றால் திரும்பி வந்திருக்கலாம், இல்லையென்றால் எனக்கு நேராக எழுதிவிட்டு அந்தக் குடித்தனத்தைத் தொடங்கியிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. பதினைந்து வருஷம் நான் புருஷன் இருந்தும் இல்லாதவளாக, உன் பெரியப்பாவோடு ஒன்றாக இருந்த வீட்டில் எல்லார் பார்வைக்கும் நடுவில் நடமாடினேன். அந்தக் கோபம் எனக்கு இன்றும் இருக்கிறது. செத்தவர் என்பதால் அதை விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை. ஆனால் அந்தக் கோபத்தை நான் கொண்டுபோய் இறக்கியது யார் தலையில் என்பதுதான் நீ தெரிந்துகொள்ள வேண்டியது.

யுத்தம் பர்மாவுக்குள் வந்த வருஷம், ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. நீ சேலத்தில் காலேஜில் இருந்தாய். காலை வெயிலில் ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். பதின்மூன்று வயசு இருக்கும். தட்டையான முகம், சின்னக் கண், மொட்டையடித்து அப்போதுதான் முளைத்த முடி. ஆள்தான் அன்னியம். வாயைத் திறந்தால், "ஏனுங்க, எங்கய்யன் ஊடு இதுதானுங்களா?" என்று கேட்டு, உன் அப்பாவின் பெயரைச் சொன்னாள்.

உன் பெரியப்பா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "ஆரு கண்ணு நீ? எந்தூரு?"

"பர்மாவுலிருந்து நடந்து வந்தனுங்க."

"நடந்தேவா?"

"பாதி நடந்தனுங்க. பாதி ரயில்ல ஏத்தி உட்டாங்க."

பெரியப்பா சிரித்துவிட்டார். "மூஞ்சி பர்மா, பேச்சு நம்மூரு. நல்லாத்தான் பழக்கி உட்டிருக்கறாங்க."

"ஆருங்க பழக்கறது? எங்கய்யன் பேசறதைத்தானுங்க பேசறேன்."

அவர் உடனே ஆள் விட்டு ஊர்ப் பெரியவர்கள் மூன்று பேரை வரவழைத்தார். அவளை யாரும் உட்காரச் சொல்லவில்லை. இடுப்புத் துணியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். அகதிகளை இறக்கிவைத்த முகாமில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி அடித்துக் கொடுத்த இங்கிலீஷ் காகிதம். அது கைமாறிக் கைமாறி எல்லாரிடமும் போயிற்று, யாருக்கும் வாசிக்கத் தெரியவில்லை. பெரியப்பா கதவுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். "அம்மிணி காலேஜு படிச்சது. அது படிச்சுச் சொல்லட்டும். அது சொல்றதுதான் முடிவு." அந்த வீட்டுக்கு வாழ வந்த இத்தனை வருஷத்தில், ஆண்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் என்னை வாய் திறந்து பேசச் சொன்னது அதுதான் முதல் தடவை.

காகிதத்தில் இருந்தது ஒன்பது வரி. முதல் இரண்டு வரியில் உன் அப்பாவின் பெயர், நம் ஊர், தாலுகா, தொழில் விவசாயம், இவள் அவருடைய மகள். மூன்றாவது வரியில் அவர் சித்திரைக் கடைசியில், வருகிற வழியில், மலைப்பாதையில் பேதி கண்டு இறந்தார் என்று இருந்தது. நான் விதவையாகிவிட்டேன் என்பதை நாலு ஆண்களும் ஒரு பெண்ணும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க, நின்றபடி வாசித்தேன். மீதியில், தாய் முன்பே இறந்துவிட்டாள், இந்தப் பெண்ணை ஊரில் இருக்கும் பெரியம்மாவிடமும் அண்ணனிடமும், அதாவது என்னிடமும் உன்னிடமும், சேர்ப்பிக்க வேண்டும் என்று இருந்தது. மடித்தேன். "அப்பன் பேர் எதுவும் போடலைங்க. யாரோ தோட்டத்துக் கூலிக்காரர் பொண்ணுன்னு போட்டிருக்குது. அநாதைன்னு எழுதியிருக்குது" என்றேன். வகுப்பில் பாடம் வாசிக்கிற குரலில் சொன்னேன்.

அவள் என்னையே பார்த்தாள். "இல்லீங்க. அந்தத் தொரை எனக்குப் படிச்சுக் காட்டுனாருங்க. எங்கய்யன் பேரு இருக்குதுங்க."

"உனக்கு இங்கிலீசு தெரியுமா?" என்று பெரியவர்களில் ஒருவர் கேட்டார்.

"தெரியாதுங்க."

"அம்மிணிக்குத் தெரியும். அவ்வளவுதான்."

அவள் என் கையிலிருந்து காகிதத்தை வாங்கி, முன்பிருந்த மடிப்பிலேயே மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "செரிங்க. வாரேனுங்க" என்று எல்லாரையும் பொதுவாகப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள். அவள் போன பிறகு உன் பெரியம்மா எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அந்த வீட்டில் அவள் எனக்கு எதையும் கொண்டுவந்து கொடுத்தது கிடையாது.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று ஐந்து வருஷமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். உன் பங்கு நிலம் போய்விடும் என்று பயந்தேன் என்பது ஒரு பதில், நாலு பேர் ஒத்துக்கொள்கிற பதில். உண்மை அதைவிட அசிங்கம். அவர் எனக்குச் செய்ததற்குப் பதிலாக அவருக்கு ஒன்று செய்ய எனக்கு அன்று ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது. அவர் மலையில் புதைந்து கிடந்தார், கிடைத்தது அவர் மகள். இன்னொன்றும் கேள். காகிதத்தில் அவர் பெயரே இல்லை என்று சொன்னதால் அந்தச் சாவையும் நான் சொல்ல முடியாமல் போயிற்று. ஏழு மாதம் பொட்டும் பூவும் தாலியுமாகப் பள்ளிக்கூடம் போய் வந்தேன். மாசியில் பர்மாவிலிருந்து தப்பி வந்த இன்னொருவர் சேதி சொன்ன பிறகுதான் ஊர் கூடி அழுதது, நானும் அழுதேன். நீ தலைமுழுகிக் கருமாதி செய்தாய். வருஷா வருஷம் மாசியில் நீ அவருக்குத் திதி கொடுக்கிறாயே, அது தப்பான நாள். உன் வரலாற்றிலும் அந்த நாளைத்தான் போட்டிருக்கிறாய். முதல் திருத்தம் அது. சித்திரை என்று போடு.

போன வருஷம் புரட்டாசியில், பெண் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கச் சொல்லி ஊர் ஊராகப் போனபோது ஜேடர்பாளையத்துக்குப் போனேன். அணைக்குக் கீழே வாய்க்கால் பாய்கிற வயல்களில் நடவு நடந்துகொண்டிருந்தது. வரிசையில் ஒருத்தி மட்டும் மற்றவர்களைவிட நாலு முழம் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். வரப்பில் நின்றிருந்த பெண் ஒருத்தி, "அது பர்மாக் கை அம்மா, நிக்கவே நிக்காது" என்றாள். அந்தச் சொல்லைக் கேட்டு அவள் நிமிர்ந்தாள். வளர்ந்திருந்தாள், முடி வளர்ந்திருந்தது. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். "என்னங்க டீச்சரம்மா, இப்பக் கண்ணு நல்லாத் தெரியுதுங்களா?" என்றாள். வரிசையில் எல்லாரும் என்ன என்று தெரியாமலே சிரித்தார்கள். நான் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

நம் வாசலிலிருந்து போனவள், தன்னோடு பர்மாவிலிருந்து நடந்து வந்த ஒரு புருஷன் பெண்டாட்டியைத் தேடிப் பிடித்து அவர்களோடு சேர்ந்துகொண்டிருக்கிறாள். முதலில் நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் வேக வைக்கிற இடத்தில் வேலை. தண்ணீர் நிற்கிற வயல் எங்கே இருக்கிறது என்று கேட்டுக் கேட்டு மூவரும் ஜேடர்பாளையத்துக்கு வந்து, குத்தகைக்கு ஒரு துண்டு வயல் பிடித்திருக்கிறார்கள். மத்தியானக் கஞ்சி வேளையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து இதையெல்லாம் சொன்னாள். கோபமாகப் பேசவில்லை, மரியாதையாகவும் பேசவில்லை. "அன்னிக்குப் படிக்கையில உங்க கண்ணு மூணாவது வரியில நின்னு போச்சுங்க. தொரை எங்கய்யன் செத்ததைப் படிச்சுக் காட்டுனதும் அந்த எடத்துலதானுங்க. அப்பவே தெரியும் எனக்கு" என்றாள். நான் ஏன் அங்கேயே சொல்லவில்லை என்று கேட்டேன். "ஆரு நம்புவாங்க? நீங்க காலேஜு, நானு மொட்டை" என்றாள்.

உன் அப்பா பர்மாவில் எப்படி விவசாயம் செய்தார் என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீ எழுதியிருக்கிற எதுவும் அதில் இல்லை. ஆற்றின் கழிமுகத்தில், வருஷத்தில் பாதி நாள் முழங்கால் தண்ணீர் நிற்கிற பூமி. அங்கே முதலில் குத்தகைக்கு ஒரு துண்டு பிடித்ததும் அவர் செய்த முதல் வேலை கிணறு வெட்டியதாம். கிணறு இல்லாமல் காடு எப்படி என்று கேட்டாராம். ஊரே வேடிக்கை பார்க்க, சுற்றிலும் தண்ணீர் நிற்கிற இடத்தில் தனியாக மண்ணைத் தோண்டியிருக்கிறார். நாலு அடியில் தானாக நிரம்பிவிட்டது, அதுவும் உப்பு. "எங்கம்மா அந்தப் பக்கத்து வயல்ல நட்டுக்கிட்டிருந்தாங்களாம். சிரிச்சுச் சிரிச்சு நாத்துக் கட்டைத் தண்ணியில உட்டுட்டாங்களாம். அப்பறம் போயி, இந்தக் கெணத்தை எங்கியாச்சும் தூக்கீட்டுப் போறீங்களான்னு கேட்டாங்களாம்" என்று சொல்லிக் காவேரியும் சிரித்தாள். அண்ணனிடம் தண்ணீருக்காகத் தோற்ற மனுஷர், தண்ணீருக்குக் குறைவே இல்லாத ஊரில் முதலில் தனக்கென்று ஒரு கிணறு வெட்டிக்கொண்டார். அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கு நாற்றங்கால் விடவும், தண்ணீர் வடிக்கவும், எந்த நெல் எந்த ஆழத்துக்குத் தாங்கும் என்றும் சொல்லிக்கொடுத்தவள் காவேரியின் அம்மா. பின்னால் அவர் உழுத நிலம் அவள் தகப்பன் வழியில் வந்தது. காட்டைத் திருத்தியது அவளுடைய ஆட்கள். "தனி ஒருவராக" என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறாய். அவர் அங்கே தனியாகச் செய்தது அந்த உப்புக் கிணறு ஒன்றுதான்.

எழுந்து போகும்போது அவள் சொன்னதுதான் என்னால் தாங்க முடியாதது. "எங்கய்யன் மலையில படுத்துக்கிட்டுச் சொன்னாருங்க. ஊருக்குப் போனா உன்ற பெரியப்பன் என்ன வேணாலும் சொல்லுவாரு. நீ காயிதத்தைப் பெரியம்மா கையில குடு. அவ படிச்சவ. என்மேல எத்தனை கோவம் இருந்தாலும் எழுதியிருக்கறதைத்தான் படிப்பான்னாருங்க." இத்தனை செய்த மனுஷருக்கு என்னை அவ்வளவு நம்ப என்ன உரிமை என்று அன்று முழுக்க அவர்மேல் எரிந்துகொண்டிருந்தேன். திட்டித் தீர்த்த பிறகு மிச்சம் இருந்தது, அவர் என்னைப் பற்றி நினைத்தது தப்பாகப் போனதே என்பதுதான்.

இனி உன் கல்யாணத்துக்கு வருகிறேன். முகூர்த்தத்துக்கு முன்னால் மாப்பிள்ளைக்கு இணைச்சீர் செய்வது நம் வழக்கம். மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் அவன் பக்கத்தில் இருந்து, பெண்ணுக்குக் கட்டப்போகிற கூறைச்சேலையைக் கூடையில் ஏந்திக்கொள்ள வேண்டும். ஒரு நுனி அவன் கையில், மீதி அவளிடம். பெண்டாட்டி வந்தாலும் உடன்பிறந்தவளுக்கு அந்த வீட்டில் இடம் போகவில்லை என்று எல்லார் முன்னாலும் சொல்கிற சீர் அது. கூடப் பிறந்தவள் இல்லாதவனுக்குத்தான் பங்காளி வீட்டுப் பெண் செய்வது. உனக்குப் பெரியப்பா மகள் சரசு செய்வாள் என்று முடிவு செய்து, அவளுக்குச் சேலையும் எடுத்துவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். சரசு நல்ல பெண், அவள்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அவள் அங்கே வந்து நிற்பது ஊருக்கு முன்னால் சொல்கிற பொய். அதைச் சொல்வதும் நீ. என்னுடைய பொய்யாவது வாயோடு போயிற்று, நீ அச்சடிக்கிறாய்.

போன திங்கட்கிழமை உன் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். அன்றைக்கு உட்கார்ந்திருந்த மூன்று பேரில் ஒருவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மற்ற இருவரையும் நானே ஆள் விட்டு வரவழைத்தேன். காகிதத்தில் என்ன இருந்தது என்று ஒன்பது வரியையும் சொன்னேன். வேண்டுமென்றே மாற்றிச் சொன்னேன் என்றும், இணைச்சீருக்குக் காவேரிதான் வர வேண்டும் என்றும் சொன்னேன். "அப்பப் படிச்சது பொய்யின்னா, இப்பச் சொல்றது மட்டும் நெசமாக்கும்?" என்று பெரியப்பா கேட்டார். காகிதம் அவளிடம் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்க எனக்கு முகமில்லை. "பெத்தவ எந்தச் சாதி, எந்த நாடுன்னு பொண்ணூட்டுல கேப்பாங்களே, அதுக்கு என்ன சொல்றது அம்மிணி? என்ற தம்பி மானம் போறது உனக்குச் செரியா?" என்றார் அடுத்ததாக. "உங்க தம்பி தண்ணி இல்லாமப் போனது எந்த மானத்துல சேத்திங்க?" என்று கேட்டுவிட்டேன். இருபது வருஷமாக வாயில் இருந்தது, வந்துவிட்டது. அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

அங்கிருந்து நேராக அருமைக்காரர் வீட்டுக்குப் போனேன். பர்மாக்காரியின் மகள் வந்து நின்றால் அவர் சீர் செய்ய மாட்டார் என்று பெரியப்பா பேச்சின் நடுவே சொல்லியிருந்தார். கிழவர் மாட்டுக்குத் தீனி வைத்துக்கொண்டே நான் சொன்னதை எல்லாம் கேட்டார். "கூட்டம், கொலமெல்லாம் அப்பன் வழிதானே தாயி? பெத்தவ எங்கிருந்து வந்தா என்ன, உன்னையுங்கூட வேற கூட்டத்துல இருந்துதான் கொண்டு வந்தோம்" என்றார். ஆனால் அவர் முடிக்கவில்லை. "அண்ணங்காரன் போயிக் கூப்புட்டானா?"

"இன்னும் இல்லைங்க."

"அப்பறம் எங்கிட்ட எதுக்கு வந்தே? கூடப் பொறந்தவளைப் பொறந்தவன்தான் போயி அழைக்கோணும். அவன் அழைச்சுட்டு வந்தா அவளுக்குச் செய்யறேன். சரசுவைக் கொண்டாந்து நிறுத்துனா அவளுக்கும் செய்வேன். பொய்யை நான் சொல்லலை, அவன் சொல்றான்."

ஆகவே இது உன் பெரியப்பா கையிலும் இல்லை, என் கையிலும் இல்லை. உனக்காக நானே போய்க் கூப்பிட்டுப் பார்த்தேன், அதையும் மறைக்கவில்லை. சொல்லி முடிக்கும் முன்பே அவள் தலையை ஆட்டிவிட்டாள். "நீங்க கூப்புட்டா வரமாட்டனுங்க. உங்க மனசு ஆறோணும்னு கூப்புடறீங்க. எனக்கு நடவு இருக்குது" என்றாள். சரியாகத்தான் சொன்னாள். நான் திரும்பி நாலு அடி வைத்த பிறகு, பின்னாலிருந்து கேட்டாள்: "அண்ணன் எப்படீங்க இருப்பாரு? எங்கய்யனாட்டமா?" காது மட்டும் அப்படியே என்றேன். அவள் நாற்றை எடுத்துக்கொண்டு மறுபடி குனிந்தாள்.

நீ ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போகிறாய். புத்திமதி சொல்ல வேண்டிய நேரம்தான். எனக்குத் தெரிந்தது கொஞ்சம். அவள் "போலாமா" என்று கேட்டால் கேலியாகப் பதில் சொல்லாதே. உன்னை ஒருநாள் கோபப்படுத்தினால் அவளிடமே சண்டை போடு, உன்னால் அடிக்க முடிந்த வேறு ஆளைத் தேடாதே. மூன்றாவதாக ஒன்று எழுதினேன், அடித்துவிட்டேன். நல்ல மனைவியாக இருந்திராதவள் நல்ல குடித்தனம் பற்றிப் பேசினால் எனக்கே சகிக்கவில்லை. உன் வரலாற்றை இந்தக் கடிதத்தோடு திருப்பி அனுப்புகிறேன். "தனி ஒருவராக" என்ற மூன்று இடத்தையும் அடித்திருக்கிறேன். "ஒரே வாரிசு" என்ற வரியை அடிக்கவில்லை. அதை நீயே அடிக்க வேண்டும். என்னைப் பற்றிய பக்கத்தில் "கல்வியறிவு மிக்க அன்னை" என்று போட்டிருக்கிறாயே, அதற்குக் கீழே அந்த ஞாயிற்றுக்கிழமையை எழுது. பெண் வீட்டார் படிக்கட்டும்.

கல்யாணத்துக்கு வருவேன். விதவைக்கு மணவறையில் வேலை இல்லை, பின்னால்தான் உட்காரப் போகிறேன். சரசு உன் பக்கத்தில் வந்து நின்றால், நான் எழுந்து அந்தக் காகிதத்தில் இருந்த ஒன்பது வரியையும் பந்தலில் இருக்கிற எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்வேன். மிரட்டல் என்று வைத்துக்கொள்ளலாம். காவேரி வர மறுத்தால் அது அவள் இஷ்டம், அவளை யாரும் குறை சொல்லக் கூடாது. அப்போது உன் பக்கத்து இடம் காலியாக இருக்கட்டும், இணைச்சீர் இல்லாமலே முகூர்த்தம் நடக்கட்டும். ஏன் என்று கேட்கிறவர்களுக்கு நீ பதில் சொல்.

உன் வரலாறு அச்சுக்குப் போக இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு ஜேடர்பாளையம் போ. வீட்டில் தேடாதே, பகலில் இருக்க மாட்டாள். அணைக்குக் கீழே வாய்க்கால் கரையோடு போனால் யாரைக் கேட்டாலும் பர்மாக் கை எந்த வயலில் நிற்கிறது என்று காட்டுவார்கள். என் பெயரைச் சொல்லாதே. பழம், பூ, சேலை என்று தட்டு எதுவும் கொண்டுபோகாதே, முதலில் நீ யார் என்று சொல். கூப்பிட்டால் வேலையை விட்டுக் கரைக்கு வருகிறவள் இல்லை அவள், குனிந்தபடி முன்னால் போய்க்கொண்டேதான் பேசுவாள். செருப்பை வரப்பில் விட்டுவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கு. அவள் வேகத்துக்கு உன்னால் நடக்க முடியாது. விழுந்தாலும் எழுந்து பின்னாலேயே போய்க் கேள்.